மார்ஷல் ஆகாத ஜெனரல்: பிளாஸ்கோவிட்ஸை எந்தப் பக்கம் வைப்பது?

#1 பழையகாகிதம்

ரொம்ப நாளாக எழுத நினைத்தது, இன்றுதான் உட்கார முடிந்தது.

1939 செப்டம்பரில் போலந்துக்குள் ஐந்து ஜெர்மன் தரைப்படைகள் இறங்கின. அவற்றின் தளபதிகள் கூஹ்லர், குளூக, பிளாஸ்கோவிட்ஸ், ரைஷெனாவ், லிஸ்ட். இந்த ஐவரில் நால்வர் பின்னாளில் பீல்டு மார்ஷல் ஆனார்கள். மூன்று பேருக்கு 1940 ஜூலை 19 அன்றே கிடைத்துவிட்டது. அன்று ஒரே நாளில் 12 பேருக்கு ஹிட்லர் மார்ஷல் கோல் கொடுத்தார். கூஹ்லருக்கு 1942-ல் கிடைத்தது. யோஹானஸ் பிளாஸ்கோவிட்ஸ் மட்டும் 1939 அக்டோபரில் வாங்கிய, அதற்கு ஒரு படி கீழான கர்னல் ஜெனரல் பதவியோடு 1945 வரை ஓட்டினார். வார்சா நகரத்தின் சரணாகதியை வாங்கியவரே அவர்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய கழற்றிவிடல் என்று புரியும்.

ஆள் யார் என்று கேட்பவர்களுக்கு: 1883 ஜூலை 10, கிழக்குப் பிரஷ்யாவில் பாட்டர்ஸ்வால்ட என்ற கிராமம். அப்பா லூத்தரன் பாதிரியார். பெயரில் பிரபுக் குடும்பத்தைக் காட்டும் 'ஃபோன்' (von) கிடையாது, பண்ணைக் குடும்பமும் இல்லை. கேடட் பள்ளி வழியாக வந்து 1901-ல் காலாட்படையில் சேர்ந்தார். முதல் உலகப்போரில் மேற்கு, கிழக்கு இரண்டு முனைகளிலும் இருந்தார், முதல் வகுப்பு இரும்புச் சிலுவை வாங்கினார், கேப்டனாக முடித்தார். வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனி 1 லட்சம் பேர் கொண்ட படையைத்தான் வைத்துக்கொள்ளலாம், அதில் அதிகாரிகள் 4,000 பேர்தான். அந்த 4,000-க்குள் இடம் பிடித்ததே பெரிய விஷயம். இவர் பிடித்தார். 1935-ல் ஸ்டெட்டின் ராணுவ மண்டலம், 1938-ல் டிரெஸ்டனில் படைக்குழு, 1939 மார்ச்சில் செக் மண்ணுக்குள் அணிவகுப்பு, செப்டம்பரில் போலந்தில் 8-வது படை.

அதற்கப்புறம்தான் கதை. ஆக்கிரமித்த போலந்தில் எஸ்.எஸ். என்ற நாஜிக் கட்சிப் படையும் போலீசும் நடத்திய கொலைகளை எதிர்த்து மேலிடத்துக்கு இவர் எழுத்தில் புகார் அனுப்பினார். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. அவ்வளவு உயரத்தில் இருந்துகொண்டு அப்படிச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த மனிதரை நாம் போதுமான அளவு மதிக்கவில்லை என்பது என் கட்சி. திட்டலாம், காத்திருக்கிறேன்.

#2 தெற்குவாசல்

வந்துட்டேன். புகாரில் என்ன எழுதியிருந்தது என்பதையும் போடுங்கள். அதைப் போடாமல் 'எதிர்த்தார்' என்று மட்டும் சொன்னால் பாதிக் கிணறுதான்.

#3 புதுசுநான்

ஹிட்லரிடமே புகார் கொடுத்தும் உயிரோடு விட்டாரா? முதல் கேள்வியே இதுதான் வருகிறது.

#4 பழையகாகிதம்

புதுசு, விட்டார். ஜெனரல்களை உடனுக்குடன் சுட்டுத்தள்ளும் வழக்கம் அப்போது அங்கே இல்லை. பதவியைப் பிடுங்குவார்கள், ஓரமாக உட்காரவைப்பார்கள், அவ்வளவுதான். 1938 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியா திட்டத்தை எதிர்த்து ராணுவத் தலைமைப் பணியகத் தலைவர் லூட்விக் பெக் ராஜினாமாவே செய்தார். வீட்டில் ஓய்வூதியத்தோடு இருந்தார். 1944 ஜூலையில் ஹிட்லரைக் கொல்ல நடந்த சதியில் சேர்ந்த பிறகுதான் அவர் உயிர் போனது.

தெற்குவாசல், புகாருக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இரண்டு சம்பவம்.

ஒன்று பிசுரா ஆற்றுச் சண்டை. 10-வது படை வார்சாவை நோக்கிப் பாய்ந்தபோது அதன் இடது விலாவைக் காக்கும் வேலை பிளாஸ்கோவிட்ஸுக்கு. செப்டம்பர் 9 அன்று போலந்து ஜெனரல் குட்ஷெபா அந்த விலாவில்தான் குத்தினார். நீளமாகப் பரவிக் கிடந்த 30-வது டிவிஷன் பின்வாங்கியது. அந்தப் படையெடுப்பில் ஜெர்மானியர்களைப் போலந்துப் படை திணறடித்த பெரிய சண்டை இது. கடைசியில் போலந்துப் படையையே சுற்றி வளைத்துவிட்டார்கள். ஆனால் திணறியது யார் பொறுப்பிலிருந்த படை என்பது மேலிடத்துக்குத் தெரியும். பெயரில் முதல் கரும்புள்ளி.

இரண்டாவது மேசைவிரிப்பு. இதை ஹிட்லரின் ஆயுதப்படைத் தலைமையகத் தலைவராக இருந்த கெய்டல் சொல்லித்தான் தெரியும். நூரம்பர்க் சிறையில் தூக்குக்குக் காத்திருந்தபோது எழுதிய நினைவுகளில் சொல்கிறார். அக்டோபர் 5, வார்சாவில் வெற்றி அணிவகுப்பு. முடிந்ததும் விமான நிலையத்தில் சாப்பாடு. ஹிட்லருக்கு ஒரு பழக்கம்: முனைக்கு வந்தால் படைவீரர்களோடு நின்று களச் சமையல் வண்டியிலிருந்து சூப் வாங்கிக் குடிப்பார், புகைப்படக்காரர்கள் எடுப்பார்கள். பிளாஸ்கோவிட்ஸோ விமானக் கொட்டகைக்குள் மேசை போட்டு, விரிப்பு விரித்து, பூ வைத்து வைத்திருந்தார். சமையல் என்னவோ அதே சூப்தான். ஹிட்லர் உள்ளே பார்த்தார், முகம் மாறியது, உட்காராமல் வெளியே போனார், விமானம் ஏறிவிட்டார்.

விருந்துக்கு இலை போட்டதே குற்றமாகிப்போனது! அன்றிலிருந்தே ஹிட்லருக்கு இவரைப் பிடிக்கவில்லை என்று கெய்டல் நினைத்தார்.

#5 கோட்டைமேடு

பூ வைத்ததால் மார்ஷல் கோல் போச்சா. நம்ம ஆபீஸ் கதை மாதிரியே இருக்கிறது.

#6 தெற்குவாசல்

கெய்டல் சொன்னதைக் கெய்டல் சொன்னதாக மட்டும் வைத்துக்கொள்வோம். ஜெனரல்கள் எழுதும் நினைவுக் குறிப்பில் பூவும் விரிப்பும் எப்போதும் நன்றாக ஞாபகம் இருக்கும். எத்தனை பேரைச் சுட்டார்கள் என்பதுதான் ஞாபகம் வராது.

#7 பழையகாகிதம்

நியாயம். இப்போது புகார்.

1939 அக்டோபர் கடைசியில் ருண்ட்ஸ்டெட் மேற்குக்குப் போக, கிழக்கின் ராணுவத் தலைமை பிளாஸ்கோவிட்ஸ் கைக்கு வந்தது. தலைமையகம் ஸ்பாலா. ஒரு காலத்தில் ரஷ்ய ஜார்களும் பிறகு போலந்து ஜனாதிபதிகளும் வேட்டையாடிய காட்டு மாளிகை. ஆனால் கையில் இருந்தது ராணுவம் மட்டும். சிவில் நிர்வாகம் ஹான்ஸ் பிராங்க்கிடம், போலீசும் எஸ்.எஸ்.சும் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரிடம்.

நவம்பரில் முதல் அறிக்கை பெர்லினுக்குப் போனது. தலைமைத் தளபதி பிராவுகிட்ச் வழியாக அது ஹிட்லர் மேசைக்கும் வந்தது. அன்று ஹிட்லர் கத்தியதை அவருடைய ராணுவ உதவியாளர் எங்கெல் நவம்பர் 18 குறிப்பில் எழுதியிருக்கிறார். தலைமையிலிருப்பவர்களுக்குக் குழந்தைத்தனமான எண்ணம், சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் முறையில் போர் நடத்த முடியாது, இந்த ஆளை எனக்கு எப்போதுமே நம்பிக்கையில்லை. சாரம் இவ்வளவுதான்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. 1940 பிப்ரவரியில் பிராவுகிட்ச் ஸ்பாலாவுக்கு வந்தபோது நேரில் சொல்லக் குறிப்பு தயாரித்தார். எஸ்.எஸ்.சையும் போலீசையும் பற்றிப் படைவீரர்களின் மனநிலை அருவருப்புக்கும் வெறுப்புக்கும் நடுவில் ஊசலாடுகிறது, இந்தக் குற்றங்களைப் பார்த்து ஒவ்வொரு வீரனும் குமட்டிப்போகிறான் என்று அதில் வருகிறது. 'குற்றம்' என்றே எழுதுகிறார். சுற்றி வளைக்கவில்லை. தெற்கு முனையிலிருந்த ஜெனரல் ஊலெக்ஸ் எழுதியதையும் சேர்த்துக்கொண்டார். கடைசியில் பிராங்க் போய் ஹிட்லரிடம் முறையிட, 1940 மே மாதம் இவரைக் கிழக்கிலிருந்து தூக்கினார்கள். பிரான்ஸ் படையெடுப்புக்கு 9-வது படையைத் தருவதாகச் சொல்லி, கொஞ்ச நாளில் அதையும் பறித்தார்கள்.

#8 தெற்குவாசல்

ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டீர்கள், பழையகாகிதம். தெரிந்தே விட்டீர்களா தெரியாது. அதே பிப்ரவரிக் குறிப்பில் இருக்கிறது:

"இப்போது நடப்பதுபோல் சில பத்தாயிரம் யூதர்களையும் போலந்துக்காரர்களையும் வெட்டித்தள்ளுவது தவறான வழி. மக்கள்தொகையின் அளவைப் பார்த்தால் இதனால் போலந்து அரசு என்ற எண்ணமும் சாகாது, யூதர்களும் ஒழிய மாட்டார்கள்."

இரண்டு தடவை வாசித்துப் பாருங்கள். கொல்வது பாவம் என்று இல்லை. இப்படிக் கொன்றால் காரியம் ஆகாது என்று இருக்கிறது. அப்புறம் இன்னொரு பயம்: இந்தக் காட்டுமிராண்டித்தனம் நல்ல ஜெர்மன் ஆட்களிடம் தொற்றுநோய் போலப் பரவிவிடும். அவருடைய கவலை அவருடைய பையன்களைப் பற்றியது. குழிக்குள் விழுந்தவர்களைப் பற்றி இல்லை.

#9 பழையகாகிதம்

விட்டது தெரிந்துதான். இது வரும் என்று தெரியும், அதனால் தனியாகப் பேசலாம் என்று வைத்திருந்தேன்.

மனு எழுதிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். மேலதிகாரிக்கு எது உறைக்குமோ அதைத்தான் மனுவில் எழுதுவோம். தெரு விளக்கு வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதும்போது "இருட்டில் பயமாக இருக்கிறது" என்று எழுத மாட்டோம், "விபத்து நடந்தால் நிர்வாகத்துக்கு அவப்பெயர்" என்று எழுதுவோம். பிராவுகிட்சிடமும் ஹிட்லரிடமும் போய் "இவர்களும் மனிதர்கள்" என்று எழுதினால் அடுத்த நிமிடம் குப்பைக்கூடை. நம் படை கெட்டுப்போகும், எதிரி பிரச்சாரத்துக்கு இரை கிடைக்கும், அமைதியான மக்கள் எதிர்ப்புக்குத் திரும்புவார்கள் என்றால் கொஞ்சமாவது காது கொடுப்பார்கள். அந்தக் கணக்கில் வாசியுங்கள்.

#10 தெற்குவாசல்

அழகான வாதம். ஆனால் அந்தக் கணக்கில் வாசித்தால் யாரைவேண்டுமானாலும் காப்பாற்றிவிடலாமே. "மனசுக்குள் நல்லவர், காகிதத்தில் மட்டும் அப்படி." மனசைப் பார்க்க நமக்கு வழியில்லை. காகிதம்தான் இருக்கிறது.

சரி, மேலதிகாரியே இல்லாத நேரத்தில் எழுதிய காகிதம் ஒன்று சொல்கிறேன். 1945 நவம்பர். ஹிட்லர் செத்து ஆறு மாதம். பிளாஸ்கோவிட்ஸ் கைதி. நூரம்பர்க் போர்க்குற்ற வழக்குக்காகக் கொடுத்த வாக்குமூலத்தில், போலந்து இடைவழியால் (கிழக்குப் பிரஷ்யாவை மற்ற ஜெர்மனியிலிருந்து பிரித்த போலந்து நிலப்பகுதி) ஏற்பட்ட இழப்பைத் துடைக்க ஒரு போர் என்பது சோகமான அவசியம் என்றாலும் புனிதக் கடமையாகவே கருதப்பட்டது என்கிறார். ஹிட்லர் வருவதற்குப் பத்து வருடம் முன்பே ரகசியமாக ஆயுதம் சேர்க்க ஆரம்பித்ததற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று என்கிறார். போலந்து மேல் பாய்வதில் அவருக்குச் சங்கடமே இல்லை. பாய்ந்த பிறகு பின்னால் வந்தவர்கள் அசிங்கப்படுத்திவிட்டார்கள் என்பதுதான் வருத்தம். வீட்டை உடைத்து உள்ளே போனவர், கூட வந்தவன் பாத்திரத்தை உடைத்தான் என்று புகார் கொடுத்த மாதிரி.

#11 கோட்டைமேடு

இந்தக் கடைசி வரிக்காகவே உங்களை இந்த மன்றத்தில் வைத்திருக்கிறோம்.

#12 சட்டப்புள்ளி

இரண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை. புகார் எழுதும் நிலைமை ஏன் வந்தது? ராணுவத் தளபதிக்குத் தன் பகுதியில் ராணுவ நீதிமன்றம் நடத்தும் அதிகாரம் உண்டு. கொலை செய்தவனைப் பிடித்துத் தண்டிக்கலாமே?

முதல் சில வாரம் அப்படித்தான் நடந்தது. கூஹ்லரின் 3-வது படைப் பகுதியில் ஒரு வழக்கு. 50 யூதர்களைப் பாலம் பழுதுபார்க்க வேலை வாங்கினார்கள். வேலை முடிந்ததும் அவர்களை ஒரு யூதத் தொழுகைக் கூடத்தில் அடைத்துச் சுட்டுக்கொன்றார்கள். செய்தவர்கள் இருவர்: ஒரு ராணுவ போலீஸ்காரர், ஒரு எஸ்.எஸ். பீரங்கிக்காரர். அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்டது. நீதிமன்றம் ஒருவருக்கு 9 வருடம், இன்னொருவருக்கு 3 வருடம் கொடுத்தது. 50 உயிருக்கு!

அந்தச் சிறு தண்டனையும் நிலைக்கவில்லை. அக்டோபர் 4 அன்று ஹிட்லர் பொது மன்னிப்பு ஆணை போட்டார். போலந்துக்காரர்களின் கொடுமையால் ஆத்திரப்பட்டுச் செய்த குற்றங்கள் எல்லாம் ரத்து. அக்டோபர் 17 அன்று இன்னொரு ஆணை: எஸ்.எஸ்., போலீஸ் ஆட்களை இனி ராணுவ நீதிமன்றம் விசாரிக்க முடியாது, அவர்களுக்குத் தனி நீதிமன்றம். பிளாஸ்கோவிட்ஸ் கிழக்கின் தலைமையை ஏற்றபோது சட்டக் கதவு ஏற்கனவே மூடிவிட்டது. மிச்சம் இருந்தது காகிதமும் பேனாவும்தான். அதனால் 'ஏன் வெறும் கடிதம் எழுதினார்' என்று கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அதே கூஹ்லரைப் பாருங்கள். ஆரம்பத்தில் அவரும் எஸ்.எஸ்.மேல் கொதித்தார். 1940 ஜூலை 22 அன்று தன் 18-வது படைக்கு அவர் விட்ட உத்தரவு: கிழக்கில் நடக்கும் இனப் போராட்டத்தை யாரும் விமர்சிக்கக் கூடாது. இரண்டு வருடத்தில் மார்ஷல் கோல் கையில் வந்தது. பிளாஸ்கோவிட்ஸ் அந்த மாதிரி உத்தரவு போட்டு மறுபடி நல்ல பிள்ளை ஆகியிருக்கலாம். போடவில்லை. அந்த வித்தியாசத்துக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லையா, தெற்குவாசல்?

#13 தெற்குவாசல்

உண்டு. கூஹ்லரைவிட மேல். அந்த மதிப்பெண்ணைப் போட்டுவிட்டேன். ஆனால் கூஹ்லரைவிட மேலாக இருப்பது எவ்வளவு சுலபம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

#14 புதுசுநான்

பிரான்ஸில் என்ன செய்தார்? அதைப் பற்றி யாருமே பேசவில்லையே.

#15 பழையகாகிதம்

1940 அக்டோபர் முதல் 1944 மே வரை 1-வது படை. அட்லாண்டிக் கரையைப் பார்த்துக்கொண்டு மூன்றரை வருடம் உட்கார்ந்திருந்தார். ரஷ்யப் பக்கம் போகவே இல்லை. சொல்ல ஒன்றுமில்லை.

1944 மே மாதம் 'ஜி' படைக்குழு அமைத்துத் தெற்கு பிரான்ஸை ஒப்படைத்தார்கள். தலைமையகம் துலூஸ் பக்கம். ஆகஸ்ட் 15 அன்று நேச நாடுகள் தெற்குக் கரையில் இறங்கின. நல்ல டிவிஷன்களை எல்லாம் ஏற்கனவே வடக்கே நார்மண்டிச் சண்டை விழுங்கிவிட்டிருந்தது. 17-ஆம் தேதி பின்வாங்கச் சொல்லி ஹிட்லர் உத்தரவு போட்டார். உலகமே அதிசயிக்க வேண்டிய உத்தரவு, அந்த ஆளிடமிருந்து அது சாதாரணமாக வராது. கொடுமை என்னவென்றால் ரகசியக் குறியீட்டை உடைத்து நேச நாட்டுக்காரர்களும் அதைப் படித்துவிட்டார்கள். அதனால் அமெரிக்கர்கள் ரோன் பள்ளத்தாக்கில் மான்டெலிமார் பக்கம் குறுக்கே போய் மறித்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் சண்டை. ஆற்றோரம் ஒரே நெடுஞ்சாலை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மேட்டிலிருந்து பீரங்கி. எரிந்த லாரிகளும் செத்த குதிரைகளுமாகச் சாலை நிறைந்தது. அவருக்குக் கீழிருந்த 19-வது படை கந்தலாகத்தான் வந்தது, ஆனாலும் பெரும்பகுதி வந்து சேர்ந்தது. தென்மேற்கு மூலையிலிருந்து கால்நடையாகக் கிளம்பிய ஜெனரல் எல்ஸ்டரின் கூட்டம்தான் வரவில்லை. கிட்டத்தட்ட 20,000 பேர் லுவார் ஆற்றங்கரையில் அமெரிக்கர்களிடம் சரணடைந்தார்கள்.

மேப்பை விரித்துவைத்துக்கொண்டு பாருங்கள். கிழவர் கெட்டிக்காரர். பரிசு என்ன தெரியுமா? செப்டம்பர் 21 அன்று பதவி நீக்கம். லொரெயினில் எதிர்த்தாக்குதல் பலிக்கவில்லை என்று காரணம். ஹெர்மன் பால்க் வந்தார். டிசம்பரில் பால்க்கை ஹங்கேரிக்கு அனுப்பிவிட்டு மறுபடி இவரையே கூப்பிட்டார்கள். அல்சாஸில் கடைசித் தாக்குதல் ஒன்றை நடத்தினார், அது உறைந்துபோனது. 1945 ஜனவரி கடைசியில் 'எச்' படைக்குழு, அதாவது ஹாலந்து. மூன்று முறை துரத்தப்பட்டு மூன்று முறை திரும்பி வந்தவர்.

#16 தெற்குவாசல்

தெற்கு பிரான்ஸ் என்றால் இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். 'தாஸ் ரைக்' எஸ்.எஸ். டிவிஷன் மோந்தோபான் பகுதியில், அவர் படைக்குழுவின் எல்லைக்குள்தான் இருந்தது. அங்கிருந்து வடக்கே போகும் வழியில் 1944 ஜூன் 9 அன்று தூல் நகரத்தில் 99 பேரைத் தூக்கில் தொங்கவிட்டது. மறுநாள் ஒராதூர். 600-க்கும் மேற்பட்டவர்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அவர் உத்தரவிட்டார் என்று நான் சொல்லவில்லை. 1940-ல் எதைத் தடுக்கக் காகிதம் எழுதினாரோ, அது நான்கு வருடம் கழித்து அவர் மேப்புக்குள்ளேயே வந்து நின்றது என்று மட்டும் சொல்கிறேன்.

"மூன்று முறை திரும்பி வந்தவர்." சரி, ஏன் வந்தார்? யாரும் வீட்டுக்கு வந்து கழுத்தைப் பிடிக்கவில்லை. பெக் மாதிரி உட்கார்ந்திருக்கலாம். வயது 61. கூப்பிட்டபோதெல்லாம் போனார்.

#17 காற்றாலை

ஹாலந்து என்று வந்ததால் நான் நுழைகிறேன். இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், வாகெனிங்கன் எனக்கு சைக்கிளில் போகும் தூரம்.

அங்கே 'டி வெரெல்ட்' என்று ஒரு ஹோட்டல். 'உலகம்' என்று அர்த்தம். இப்போதும் சாப்பாட்டுக் கடையாக, தங்குமிடமாக நடக்கிறது. முன்னால் இருக்கும் சதுக்கத்துக்குப் பெயரே 'மே 5 சதுக்கம்'. 1945 மே 5 அன்று கனடிய ஜெனரல் ஃபூல்க்ஸ் அங்கே பிளாஸ்கோவிட்ஸை அழைத்துச் சரணடையும் நிபந்தனைகளைக் கொடுத்தார். டச்சு இளவரசர் பெர்ன்ஹார்டும் இருந்தார். இன்றைக்கும் மே 5 இங்கே விடுதலை நாள். முந்தின நாள் நள்ளிரவில் வாகெனிங்கனில் தீபம் ஏற்றி, ஓட்டக்காரர்கள் கையில் நாடு முழுக்கக் கொண்டுபோவார்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளியிலிருந்தும் ஓடியிருக்கிறார்கள்.

அன்றைக்கு எடுத்த புகைப்படம் பார்த்திருப்பீர்கள். நீள மேசை, ஒரு பக்கம் கனடியர்கள், எதிரே பிளாஸ்கோவிட்ஸ். முகம் இறுகிப்போய் இருக்கும்.

அந்த மேசைக்கு வரும் முன்னால் நடந்ததை டச்சுக்காரர்கள் மறக்கவில்லை. 1944-45 பசிக்குளிர்காலத்தில் சுமார் 20,000 பேர் செத்தார்கள். டியூலிப் கிழங்கை அவித்துச் சாப்பிட்ட கதையை என் பக்கத்து வீட்டுக் கிழவி சொல்லியிருக்கிறார். அவித்தால் சரி, உள்ளே இருக்கும் மஞ்சள் குருத்தை எடுக்காவிட்டால் வயிற்றைக் கலக்கும் என்று விரலால் தோண்டிக்காட்டினார். எங்கள் சனத்துக்குப் பங்கரும் பசியும் புதிதில்லை, அதனால் நானும் அவவும் நீண்ட நேரம் பேசுவோம்.

ஏப்ரல் 17 அன்று ஜெர்மானியர்கள் வீரிங்கர்மேர் அணையை வெடிவைத்து உடைத்தார்கள். 1930-ல்தான் கடலிலிருந்து மீட்ட நிலம், 20,000 ஹெக்டேர். போர் முடிய மூன்று வாரம்கூட இல்லை. அப்போது ஹாலந்தின் ஜெர்மன் தளபதி யார்? இவர்தான். ஏப்ரல் 29 முதல் பிரிட்டிஷ் விமானங்கள் தாழப் பறந்து உணவுப் பொதிகளைப் போட்டபோது ஜெர்மன் பீரங்கிகள் சுடவில்லை. அதுவும் அவர் காலத்தில்தான். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

#18 கோட்டைமேடு

காற்றாலை, இந்த மாதிரிப் பதிவுக்குத்தான் இங்கே வருகிறேன். அந்த மஞ்சள் குருத்து மறக்காது.

#19 தெற்குவாசல்

ஹாலந்துக் கணக்கில் இன்னும் இரண்டு வரவு வைக்க வேண்டும்.

1945 மார்ச் 5, 'எச்' படைக்குழுத் தலைவராக அவர் விட்ட உத்தரவு. மார்ச் 10 நண்பகலிலிருந்து, தன் பிரிவைவிட்டு விலகிச் சாலையிலோ கிராமத்திலோ அகதிக் கூட்டத்திலோ காயமில்லாமல் மருத்துவ நிலையத்திலோ அகப்பட்டு, "என் பிரிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லும் எந்த வீரனையும் உடனடி விசாரணை நடத்திச் சுட வேண்டும். ரைன் ஆற்றங்கரையில் பிரிவுகளே கரைந்துகொண்டிருந்த நேரம். பிரிவைத் தொலைத்தவர்களில் பாதிப் பேர் உண்மையாகவே தொலைத்தவர்கள்.

1940-ல் குமட்டிப்போகிறார்கள் என்று எந்த வீரர்களுக்காகக் கவலைப்பட்டாரோ, அதே வீரர்கள்.

இரண்டாவது, மே 13. போர் முடிந்து ஐந்து நாள். சரணடைந்த ஜெர்மன் படைகளைக் கனடியர்கள் அவர்களுடைய அதிகாரிகளின் கட்டுப்பாட்டிலேயே விட்டுவைத்திருந்தார்கள். முன்பு கடற்படையிலிருந்து ஓடிப்போயிருந்த இரண்டு மாலுமிகள் கனடியர்களிடம் வந்து சேர்ந்தார்கள். கனடியர்கள் அவர்களை ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஜெர்மன் முகாமிலேயே ஒப்படைத்தார்கள். ஜெர்மன் நீதிமன்றம் கூடி மரண தண்டனை விதித்தது. துப்பாக்கியும் லாரியும் கனடியர்கள் கொடுத்தது. நிறைவேற்றியாயிற்று. இதை பிளாஸ்கோவிட்ஸ் தலையில் நேராகக் கட்ட மாட்டேன். ஆனால் அரசே இல்லாமல் போன பிறகும் அந்த ஒழுங்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது பாருங்கள், அதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கக் கட்டிக் காத்தார். ஸ்பாலாவில் அவரை எழுதவைத்ததும் அதுதான், மார்ச் 5 அன்று எழுதவைத்ததும் அதுதான். இரண்டு மனிதர் இல்லை. ஒரே ஆள்.

#20 சட்டப்புள்ளி

இதற்குப் பதில் எழுத இரண்டு நாள் யோசித்தேன். ஒரே ஆள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒழுங்குப்பித்துப் பிடித்த ஜெனரல்கள் அந்தப் படையில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் போலந்தில் அதே குழிகளைப் பார்த்தவர்கள்தானே, எத்தனை பேர் எழுதினார்கள்? ஒழுங்கு மட்டுமே காரணம் என்றால் இன்னும் ஐம்பது அறிக்கை கிடைத்திருக்க வேண்டும். பாதிரியார் வீட்டுப் பிள்ளை என்பதைக் கொஞ்சமாவது கணக்கில் சேருங்கள். வீட்டில் தினமும் வேதம் வாசித்தவருக்கு 'குற்றம்' என்ற சொல் சும்மா பேனாவில் வந்துவிடாது.

#21 புதுசுநான்

முடிவு என்ன ஆனது? விடுதலை ஆனாரா, தூக்கா?

#22 பழையகாகிதம்

இரண்டும் இல்லை.

1947 கடைசியில் நூரம்பர்க்கில் ஜெர்மன் உயர் தலைமை மீது அமெரிக்கர்கள் வழக்குப் போட்டார்கள். 14 பேர், எல்லோர் மீதும் அதே நான்கு குற்றச்சாட்டு. அவர்களில் லேப், கூஹ்லர், ஹோத், ராய்ன்ஹார்ட், ஷ்பெர்ல, இவர். 1948 பிப்ரவரி 5 அன்று விசாரணை தொடங்கியது. அன்றே பிளாஸ்கோவிட்ஸ் காவலர்களிடமிருந்து விலகி, சிறையின் மேல்தளக் கம்பியைத் தாண்டி உள்முற்றத்தில் குதித்தார். வயது 64. எஸ்.எஸ். கைதிகள் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு வதந்தி உண்டு. தள்ளினார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் வரவில்லை.

மிச்சம் 13 பேருக்கு அந்த அக்டோபரில் தீர்ப்பு. ஷ்பெர்லயும் கடற்படைக்காரர் ஷ்னீவிண்டும் விடுதலை. லேபுக்கு 3 வருடம். கூஹ்லருக்கு 20 வருடம், 1953-லேயே வெளியே வந்துவிட்டார். இவர் இருந்திருந்தால் எங்கே விழுந்திருப்பார்? தன் 1940 அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தாலே பாதி வழக்கு உதிர்ந்திருக்கும் என்றுதான் நான் எப்போதும் நினைப்பேன். தெற்குவாசல் பதிவுக்குப் பிறகு அந்த மார்ச் 5 உத்தரவும் பக்கத்தில் கிடப்பது தெரிகிறது. தன் ஆட்களைச் சுடச் சொன்ன உத்தரவுக்கு அந்த நீதிமன்றத்தில் குற்றச்சாட்டே கிடையாது என்பது வேறு விஷயம்.

ஏன் குதித்தார் என்பதற்கு ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை. இவ்வளவு அறிக்கை எழுதிய மனிதர்.

லூனபர்க் புதர்வெளியில் பொமெல்சன் என்ற சின்ன ஊரில் கல்லறை.

#23 கோட்டைமேடு

முதல் பதிவில் "என் கட்சி" என்று போட்டிருந்தீர்களே, கட்சி மாறிவிட்டீர்களா?

#24 பழையகாகிதம்

மாறவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். இழைக்கு முதலில் 'மனசாட்சியுள்ள ஜெனரல்' என்று தலைப்பு வைத்திருந்தேன். நேற்று ராத்திரி மாற்றிவிட்டேன், கவனித்தீர்களா தெரியாது.

#25 தெற்குவாசல்

கவனித்தேன். நன்றி. தேடினால் இன்னும் பழைய தலைப்புதான் வருகிறது.

#26 சட்டப்புள்ளி

மூட்டை கட்டும் முன் ஒரு பெயர். பிளாஸ்கோவிட்ஸின் அறிக்கை பெர்லின் அலமாரியில் தூங்காமல் மேற்கு முனைத் தளபதிகள் கைக்குப் போனது யாரால்? ஹெல்முத் குரோஸ்கர்த் என்ற அதிகாரி. பிரதி எடுத்துக்கொண்டு தலைமையகம் தலைமையகமாகச் சுற்றினார். அந்த வேலைக்காக அவரையும் பதவியிலிருந்து தூக்கினார்கள்.

1941 ஆகஸ்ட், உக்ரைனில் பீலயா செர்க்கோவ். அவர் 295-வது டிவிஷனில் இருக்கிறார், லெப்டினன்ட் கர்னல். பெற்றோரைச் சுட்ட பிறகு சுமார் 90 யூதக் குழந்தைகளை ஒரு வீட்டில் தண்ணீர்கூட இல்லாமல் அடைத்துவைத்திருந்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டுப் படைவீரர்கள் பாதிரிமாரிடம் சொல்ல, பாதிரிமார் இவரிடம் வந்தார்கள். குரோஸ்கர்த் நேரில் போய்ப் பார்த்து, காவல் போட்டுக் கொலையை நிறுத்திவைத்து, மேலிடத்துக்குக் கேட்டு அனுப்பினார். மேலிடம் 6-வது படை. அதன் தளபதி ரைஷெனாவ், முதல் பதிவில் வந்த ஐவரில் ஒருவர், அப்போதே பீல்டு மார்ஷல். ஆரம்பித்ததை முடியுங்கள் என்று பதில் வந்தது. ஆகஸ்ட் 22 அன்று குழந்தைகளைச் சுட்டார்கள்.

குரோஸ்கர்த் அதற்கும் ஓர் அறிக்கை எழுதினார். ரைஷெனாவ் அதன்மேல் கண்டித்துக் குறிப்பு போட்டார். அந்தக் காகிதங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. குரோஸ்கர்த் ஸ்டாலின்கிராடில் பிடிபட்டு 1943 ஏப்ரலில் டைபஸ் காய்ச்சலில் செத்தார்.

#27 பழையகாகிதம்

அவருக்குத் தனி இழை திறக்கிறேன். தலைப்பை நீங்களே வையுங்கள், சட்டப்புள்ளி.